முந்நூற்று நாற்பது கிராம்

நோர்வூட் பெற்றோல் ஷெட்டில்
காற்றடிக்கும் மெசினுக்கும் கக்கூசுக்கும் நடுவே
மஞ்சள் அலுமாரி ஒன்று வைத்திருக்கிறார்கள்.
நாற்பது கதவு, ஒன்றுக்கும் கைப்பிடி இல்லை.
ஹற்றன் பஸ்ஸுக்கு நிற்பவர்கள்
அதில் சாய்ந்துகொண்டு வடை தின்கிறார்கள்.

என் விலாசம் என்றால்
ஆறாம் நம்பர் லயம், மேற்பிரிவு, தோட்டத்தின் பெயர்.
லயத்தில் பன்னிரண்டு காம்பரா,
அதில் மூன்று மகேஸ்வரி.
மகனுக்கு வந்த பரீட்சைக் கடிதம்
நாலாம் காம்பரா மகேஸ்வரி வீட்டில்
அரிசி வாளிக்கு மூடியாகக் கிடந்தது, இரண்டு மாதம்.

பார்சல் கொண்டுவரும் பையன்
பாலத்தடியில் சைக்கிளை நிறுத்திவிடுவான்.
மேலே ரோட்டு இல்லை என்பான். உண்மைதான்.
போன் கிடைக்காவிட்டால்
திரவியம் கடையில் போட்டுவிட்டுப் போவான்.
திரவியம் கெட்டவன் இல்லை.
ஒருதரம் குலுக்குவான், ஒருதரம் அமுக்குவான்,
"உள்ளுக்கு மெத்துனு என்னமோ" என்பான்.
பாண் வாங்க வந்தவர்களும் அமுக்கிப் பார்ப்பார்கள்.
பிரஷர் குக்கர் என்றால் பரவாயில்லை.

இதை அமுக்க விட முடியாது.

ஓடர் போட்டவள் நான்தான், நடுராத்திரி,
போர்வைக்குள் வெளிச்சத்தைக் குறைத்து.
மகரகமை ஆஸ்பத்திரித் துண்டில் எழுதியிருந்தபடி
அளவு ஐந்து, இடப்பக்கம்.
விலாசம் கேட்ட இடத்தில் விரல் நின்றது.
அதற்குக் கீழே ஒரு சின்ன வட்டம்:
லொக்கரில் எடுத்துக்கொள்கிறேன்.

செவ்வாய்க்கிழமை ஒன்பதாம் நம்பர் மலையில்,
சிக்னல் கிடைக்கிற அந்த ஒரே கல்லடியில்
போன் துடித்தது.
இப்போதெல்லாம் வலப்பக்கம்தான் செருகுகிறேன்.
இடப்பக்கம் நிற்காமல்
இடுப்புவரை வழுக்கிப் போகிறது.

ஆறு இலக்கம். மூன்று நாள்.
எடுக்காவிட்டால் கொழும்புக்கே திரும்பிவிடும்.
புதன் மண் சரிந்து பஸ் இல்லை.
வியாழன் பேருக்கு நாலு கிலோ குறைந்தது,
கங்காணி விடவில்லை.
வெள்ளி பெரட்டுக்குப் போகவில்லை.
பேங்க் என்று சொல்லியனுப்பினேன்.

கொழுந்துக் கறை ஏறிய விரலைக்
கண்ணாடி மதிக்கவில்லை.
துடைத்தேன். ஊதினேன். மறுபடி அடித்தேன்.
"நம்பரச் சொல்லுங்கக்கா, நான் அடிக்கிறேன்"
என்றான் வடை தின்றவன். நல்ல பிள்ளை.
வேண்டாம் என்றேன்.
விரல் மொளியால் ஒவ்வொன்றாகத் தட்டினேன்.

டக்.
இருபத்துமூன்றாம் கதவு
என் நெஞ்சுயரத்தில் திறந்தது.

அடையாள அட்டை கேட்கவில்லை.
புருசன் பேர் கேட்கவில்லை.
கையெழுத்துக்குப் பேனையும் இல்லை.
திரையில் மூன்று பாசையிலும் ஓடியது,
தமிழில் மட்டும் இப்படி:
எடுத்த பின் கதவை முடவும்.
ஒரு சுழி விட்டுப்போச்சு.
விட்டுப்போனாலும் விளங்கியது.
மூடினேன்.

பெட்டிமேல் ஒட்டியிருந்த தாளில்
முந்நூற்று நாற்பது கிராம் என்றிருந்தது.
தண்ணிக்கென்று, கூடைக்கென்று
தராசில் நிதமும் கழிக்கிறார்கள் இரண்டு கிலோ.
அதை எழுதுகிறார்கள், நானும் பார்க்கிறேன்.
மகரகமையில் கழித்ததை
யாரும் நிறுத்துச் சொல்லவில்லை.

பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரி
மடியில் கிடந்த பெட்டியையே பார்த்துக்கொண்டு வந்தாள்.
கெர்க்கஸ்வோல்ட் வளைவில் அவளால் முடியவில்லை.
"என்ன வாங்கினீங்க?"
"சப்பாத்து."
"சைஸ்?"
"அஞ்சு" என்றேன். அது பொய்யில்லை.
ஒத்தையா ஜோடியா என்று
அவள் கேட்கவில்லை.